கை தயங்கினால் முதலில் மேசையைப் பாருங்கள்: அரூப ஓவியருக்கான பிழை நீக்கும் வழிமுறை

மண்பானையைப் பார்த்து வரைகிறவருக்கு அந்தப் பானையே நடுவர். கழுத்து கோணலாகிவிட்டால் கண்ணுக்குத் தெரியும், அழித்துத் திருத்தலாம். எந்தப் பொருளின் உருவத்தையும் காட்டாத அரூப ஓவியத்தில் எதிரே வைத்து ஒப்பிட ஒன்றும் கிடையாது. நடுவர் நாற்காலி காலியாகக் கிடக்க, "இது ஓவியம்தானா? எனக்கு என்ன தெரியும்?" என்ற சந்தேகம் வந்து அதில் உட்கார்ந்துகொள்கிறது. இந்த வேலையைச் செய்கிற எல்லோருக்கும் இது வரும்.

ஆனால் "எனக்குத் திறமை இல்லை" என்று ஓவியர் சொல்கிற பல இடங்களில் கோளாறு மேசைமேல்தான் இருக்கும். தட்டில் தோல் கட்டிய அக்ரிலிக் (தண்ணீரில் கலக்கும், வேகமாகக் காயும் வண்ணம்), அளவுக்குச் சின்ன பிரஷ், ஒரு மணி நேரமாக மாற்றாத கழுவு நீர், தலைக்கு மேல் மஞ்சள் பல்ப். இவற்றால் வருகிற கெடுதலை மனம் தன் குறையாக எடுத்துக்கொள்கிறது. அதனால் இங்கே ஒவ்வோர் அறிகுறிக்கும் முதலில் மேசையைச் சோதிக்கிறோம், அப்புறம் மனதை. உங்கள் நிலைமைக்குப் பொருந்தும் தலைப்பிலிருந்து தொடங்கலாம். அளவுகளும் நேரங்களும் அக்ரிலிக்குக்கு உரியவை. எண்ணெய் வண்ணத்தில் வேலை செய்கிறவர்கள் காயும் நேரத்தை நாள் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளைக் கேன்வாஸ் முன்னால் உட்கார்ந்தால் கை எழவில்லை

இரண்டு காரணங்கள். ஒன்று பணம்: சட்டம் அடித்து ஜெஸ்ஸோ (வண்ணம் பிடிக்க முதலில் பூசும் வெள்ளை அடிப்பூச்சு) பூசிய கேன்வாஸைக் கெடுத்துவிடுவோமோ என்று கை கணக்குப் போடுகிறது. இன்னொன்று பலரும் கவனிக்காதது. சுத்த வெள்ளைக்குப் பக்கத்தில் எந்த நிறமும் உள்ளதைவிடக் கருமையாகத் தெரியும். முதல் கோடு எதுவானாலும் 'தப்பாக' தெரிவது இதனால்தான். கண் சொல்வதைக் கேட்டு மனம் பின்வாங்குகிறது.

வெள்ளையை முதலில் ஒழித்துவிடுங்கள். பர்ன்ட் சியன்னா (செங்காவி வண்ணம்) ஒரு தேக்கரண்டி, தண்ணீர் ஐந்து தேக்கரண்டி. கலந்து பழைய பனியன் துணியால் கேன்வாஸ் முழுக்கத் தேய்த்து, உடனே இன்னொரு உலர்ந்த துணியால் துடைத்தெடுங்கள். திட்டுத் திட்டாக இருந்தால் நல்லதே. இளங்காவி நிறத்தில் நடுத்தரமான ஒரு தளம் கிடைக்கும். இதன் மேல் வெளிச்சமும் போடலாம், இருளும் போடலாம். இரண்டுமே முதல் கோட்டிலிருந்து ஒழுங்காகத் தெரியும்.

கேன்வாஸைத் தொடவே பயம் என்றால் அதை ஓரமாக வைத்துவிட்டுத் தாளுக்குப் போங்கள். 300 ஜிஎஸ்எம் (தாளின் தடிமனைக் காட்டும் எடை அளவு) தாளில் ஏ4 அளவில் 12 துண்டு, மாஸ்கிங் டேப்பால் பலகையில் ஒட்டியது. மூன்றே வண்ணம்: அல்ட்ராமரைன் நீலம், பர்ன்ட் சியன்னா, டைட்டானியம் வெள்ளை. முதல் இரண்டும் கலந்தால் கறுப்புக்கு மிக அருகில் ஓர் ஆழ்ந்த இருட்டு வரும். வெள்ளை சேர்த்தால் குளிர்ந்த சாம்பலிலிருந்து வெதுவெதுப்பான மண் நிறம் வரை கிடைக்கும். ஒன்றரை அங்குலப் பட்டை பிரஷ் ஒன்று போதும். தாளுக்கு நான்கு நிமிடம், போனில் அலாரம். அலாரம் அடித்ததும் பாதியில் இருந்தாலும் அடுத்த தாள். முடித்ததைத் திரும்பிப் பார்க்கக் கூடாது.

ஏன் 12 என்றால், முதல் மூன்று நான்கு தாளில் கை தனக்குப் பழகியதையே போடும். ஐந்தாறாவது தாளில் அந்தக் கையிருப்பு தீர்ந்துவிடும், என்ன செய்வதென்று தெரியாமல் எரிச்சல் வரும். அங்கே விட்டுவிடாதீர்கள். அதற்குப் பிறகுதான் புதிதாக ஏதாவது வரும். மறுநாள் காலை 12ஐயும் தரையில் பரப்பி மூன்றை மட்டும் எடுத்து வையுங்கள்.

மெல்லிய கார்ட்ரிட்ஜ் தாளில் இதைச் செய்யாதீர்கள். ஈரத்தில் தாள் அலையாக எழும்பும், வண்ணம் பள்ளங்களில் தேங்கும், அந்தப் பழியும் உங்கள் தலையில்தான் விழும்.

தொடக்கம் நன்றாக வருகிறது, அரை மணியில் எல்லாம் சேறாகிவிடுகிறது

தன்னம்பிக்கையை இதைவிட வேகமாக உடைக்கிற அறிகுறி வேறில்லை. இதில் மனதின் பங்கு மிகக் குறைவு என்பதால் கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம்.

முதலில் வண்ணம் காய்கிற வேகம். ஏப்ரல், மே மாதத்தில் ஃபேனுக்குக் கீழே தட்டில் பிதுக்கிய அக்ரிலிக் சில நிமிடங்களில் மேல்தோல் கட்டிவிடும். கேன்வாஸிலும் அதேதான். பாதி காய்ந்த இடத்தில் திரும்பப் பிரஷ் போட்டால் தோல் கிழிந்து சுருண்டு கீழ்நிறம் எட்டிப் பார்க்கும். அதைச் சரிசெய்ய மறுபடி பிரஷ், மறுபடி கிழிசல். ஐந்தாவது தடவை அங்கே இருப்பது சேறு. ஃபேனைச் சுவர்ப்பக்கம் திருப்புங்கள். மூடியுள்ள தட்டையான பிளாஸ்டிக் டிபன் டப்பா ஒன்றில் சமையலறை டிஷ்யூவை நான்காக மடித்துப் போட்டு, ஊறும்வரை தண்ணீர் ஊற்றுங்கள். மேலே கேக் தட்டில் விரிக்கும் பேக்கிங் தாள் ஒன்றை விரித்து அதன்மேல் வண்ணத்தைப் பிதுக்குங்கள். மூடி வைத்தால் இரண்டு மூன்று நாள் பசையாகவே இருக்கும். அதற்கு மேல் பூஞ்சை வாடை வரும், டிஷ்யூவை மாற்றிவிடுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் இதற்கு நேர் எதிரான சிக்கல். மேலே காய்ந்தது போல் இருக்கும், உள்ளே ஈரம் நிற்கும். புறங்கையை மெதுவாக ஓவியத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் இன்னும் தண்ணீர் வெளியேறுகிறது என்று அர்த்தம். அதன்மேல் அடுத்த அடுக்கைப் போடாதீர்கள்.

இரண்டாவது, நிறமிகளின் (வண்ணத்துக்கு நிறம் தரும் பொடிகளின்) கூட்டம். டியூபின் பின்பக்கம் சின்ன எழுத்தில் நிறமிக் குறியீடு அச்சிட்டிருப்பார்கள். அல்ட்ராமரைனுக்கு 'பிபி 29', டைட்டானியம் வெள்ளைக்கு 'பிடபிள்யூ 6' என்று. ஒரே குறியீடு இருந்தால் ஒற்றை நிறமி. மூன்று குறியீடு இருந்தால் அது ஏற்கெனவே ஒரு கலவை. அப்படிப்பட்ட இரண்டு டியூபைக் கலந்தால் ஆறு நிறமி ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும், சாம்பல் மிஞ்சும். வாங்கும்போதே ஒற்றை நிறமி டியூபாகப் பார்த்து ஐந்து வாங்குங்கள். இருபத்து நான்கு டியூப் டப்பாவைவிட அந்த ஐந்தில் அதிக நிறம் கிடைக்கும். தேலோ நீலம், தேலோ பச்சை இரண்டுக்கும் ஒரு தனி எச்சரிக்கை: கடுகளவில் தொடங்குங்கள். ஒரு பட்டாணி அளவு விழுந்தால் தட்டு முழுவதும் அதன் ஆட்சிதான்.

கழுவு நீர் இரண்டு பாத்திரத்தில் வையுங்கள். சிவப்பு, மஞ்சள், காவிக்கு ஒன்று. நீலம், பச்சைக்கு ஒன்று. பிரஷும் அதே கணக்கில் இரண்டு. கேட்பதற்குச் சில்லறை விஷயமாக இருக்கும். ஆனால் பாதிச் சேறு இந்த ஒரு மாற்றத்திலேயே நின்றுவிடும்.

மூன்றாவது காரணம் நிறத்தைச் சேர்ந்ததே இல்லை. ஓவியத்தைப் போனில் படம் எடுத்துக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். எல்லாப் பகுதியும் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் உங்களிடம் இருப்பது வெளிச்சம் இருள் வேறுபாட்டுச் சிக்கல். சிவப்பும் பச்சையும் எவ்வளவு அடித்துக்கொண்டாலும் இரண்டும் ஒரே வெளிச்ச அளவில் இருந்தால் தூரத்திலிருந்து சகதியாகத்தான் தெரியும். எங்காவது ஓர் இடத்தில் நிஜமான இருட்டு, இன்னோர் இடத்தில் நிஜமான வெளிச்சம், இந்த இரண்டை மட்டும் சேர்த்துவிட்டு நிறுத்திப் பாருங்கள். சேறு என்று நினைத்தது அழகான சாம்பலாக மாறி உட்காரும். சாம்பல் இல்லாவிட்டால் சுத்த நிறம் பளிச்சிடவே முடியாது.

ராத்திரி வேலை செய்கிறவர்கள் பல்பை மாற்றுங்கள். மஞ்சள் பல்பின் கீழே கலந்த நீலம் காலையில் வேறு நிறமாக நிற்கும். பெட்டியில் 5000 கெல்வின் அளவில் பகல் வெளிச்சம் என்றும், சிஆர்ஐ (நிறத்தை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்ற அளவு) 90க்கு மேல் என்றும் போட்டிருப்பதை வாங்குங்கள்.

இன்னொன்று: அக்ரிலிக் காய்ந்தால் ஒரு படி கருக்கும். ஈரத்தில் பால்போல் இருக்கும் பசை காய்ந்ததும் கண்ணாடியாகிவிடுவதால் அப்படி. நேற்று விட்டுப்போன ஓவியம் இன்று காலை மங்கிப்போய்த் தெரிந்தால் உங்கள் ரசனை ஒரே ராத்திரியில் கெட்டுவிடவில்லை. அடுத்த தடவை ஒரு சுற்று வெளிச்சமாகக் கலந்துகொள்ளுங்கள்.

பூசும்போதே உள்ளே ஒரு குரல் திட்டிக்கொண்டே இருக்கிறது

அந்தக் குரலை விரட்டச் சொல்லிப் பல யோசனைகள் கிடைக்கும். விரட்ட வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. எது சரியாக வரவில்லை என்று கண்டுபிடிக்கிற அறிவு அதற்குள்தான் இருக்கிறது. தவறான நேரத்தில் பேசுகிறது, அவ்வளவுதான். அதற்கு ஒரு நேரத்தையும் இடத்தையும் ஒதுக்கிக் கொடுங்கள்.

20 நிமிடம் பூசுங்கள். அலாரம் அடித்ததும் பிரஷைக் கழுவி வைத்துவிட்டு, ஓவியத்திலிருந்து எட்டடி தள்ளிப் போட்ட ஒரு நாற்காலியில் உட்காருங்கள். கையில் பென்சிலும் துண்டுச் சீட்டும். பத்து நிமிடம் பார்த்து எழுதுங்கள். குரலுக்கு இங்கே பேச முழு அனுமதி உண்டு, ஒரே நிபந்தனையுடன்: இடமும் அளவும் சொல்ல வேண்டும். 'அசிங்கமாக இருக்கிறது' என்றால் சீட்டில் இடமில்லை. 'மேல் இடப்பக்கம் கனம், கீழே ஒன்றும் இல்லை', 'நான்கு வட்டமும் ஒரே அளவு', 'கண் மஞ்சளில் போய் அங்கேயே நிற்கிறது' என்றால் எழுதிக்கொள்ளலாம். முடிந்ததும் அதில் ஒன்றை, ஒன்றே ஒன்றை எடுத்துக்கொண்டு எழுந்து போய் அடுத்த 20 நிமிடம்.

முதல் இரண்டு நாள் குரல் 20 நிமிடத்துக்கு நடுவிலும் வரும். "நாற்காலிக்கு வா, அங்கே பேசலாம்" என்று விட்டுவிட்டு பிரஷை நகர்த்துங்கள். நாற்காலியை ஓவியத்துக்கு அருகே இழுத்துப் போட்டால் இந்த முறை வேலை செய்யாது. எழுந்து நடக்கிற அந்த நாலு எட்டுதான் பூசுகிறவரையும் பார்க்கிறவரையும் பிரித்து வைக்கிறது.

ஒரு மூலை மட்டும் அற்புதமாக வந்திருக்கிறது, அதைக் கெடுக்கப் பயம்

வலது கீழ் மூலை. காய்ந்த அல்ட்ராமரைன் மேல் ஈரம் குறைந்த பிரஷால் இழுத்த காவி, கேன்வாஸ் நெசவின் மேடுகளில் மட்டும் பிடித்து நிற்கிறது. பள்ளங்களில் நீலம் புள்ளி புள்ளியாக எரிகிறது. உள்ளங்கை அளவு இடம், பார்க்கப் பார்க்கத் திகட்டவில்லை. அன்றிலிருந்து மீதிக் கேன்வாஸ் முழுவதும் அந்த மூலைக்குச் சேவகம் செய்யத் தொடங்குகிறது. அதற்குப் பக்கத்தில் கை போவதில்லை. சுற்றியுள்ள இடம் பயந்து பயந்து பூசிய மாதிரி ஆகிவிடுகிறது. ஓவியர்களை வாரக்கணக்கில் கட்டிப்போடுகிற நிலை இது.

பயத்தின் அடியில் இருப்பது, 'அது தானாக வந்தது, திரும்ப வராது' என்ற நம்பிக்கை. ஆகவே அதைத் திரும்ப வரவழைத்துப் பாருங்கள். மூலையை அருகே வைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு அது எப்படி வந்தது என்று எழுதுங்கள். கீழே என்ன நிறம், முழுக்கக் காய்ந்திருந்ததா, எந்த பிரஷ், அதைத் துணியில் எத்தனை தடவை துடைத்தீர்கள், எந்தப் பக்கமாக இழுத்தீர்கள், வேகமாகவா மெதுவாகவா? ஞாபகம் இல்லாததை ஊகித்து எழுதுங்கள். மிச்சக் கேன்வாஸ் துண்டில் அதைச் செய்து பாருங்கள். மேலே சொன்ன காவி விளைவு என்றால்: நீலம் காய ஒரு மணி நேரம், முரட்டு மயிர் பிரஷில் காவியைத் தொட்டு உலர்ந்த துணியில் மூன்று நான்கு தடவை துடைத்து, பிரஷைக் கேன்வாஸுக்கு ஏறக்குறையப் படுக்க வைத்து, அழுத்தாமல் ஒரே இழுப்பு. முதல் துண்டில் வராது, பிரஷில் ஈரம் அதிகமாக இருக்கும். இரண்டாவதில் பாதி வரும். நான்காவதில் வந்துவிடும். வந்ததும் உங்கள் கைக்குப் புதிதாக ஒரு வித்தை சேர்ந்துவிட்டது. இனி அந்த மூலை போனாலும் நஷ்டமில்லை.

அப்புறமும் மனம் வரவில்லையா? தடித்த, நிறமில்லாத பாலித்தீன் தாளை ஓவியத்தின் மேல் டேப்பால் ஒட்டி, செய்ய நினைக்கிற கோட்டையோ திட்டையோ அந்தத் தாளின் மேல் பூசிப் பாருங்கள். எட்டடி தள்ளிப் போய்ப் பாருங்கள். பிடிக்கவில்லை என்றால் ஈரத்துணியால் துடைத்து அடுத்ததைச் சோதிக்கலாம். இதைச் செய்யும் முன் ஓவியம் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். அரைகுறை ஈரத்தில் பாலித்தீன் ஒட்டிக்கொண்டு, உரிக்கும்போது வண்ணத்தையும் கூட்டிக்கொண்டு வந்துவிடும்.

கடைசி வழி வெட்டுவது. காலண்டர் அட்டையில் 'ட' வடிவத்தில் இரண்டு துண்டு வெட்டி, எதிரெதிராகச் சேர்த்துச் சட்டம்போல் பிடித்து, அந்த மூலையைச் சுற்றி நகர்த்துங்கள். அந்தச் சட்டத்துக்குள் தனியாக ஓர் ஓவியம் நிற்கிறது என்றால், தாளாக இருந்தால் தயங்காமல் வெட்டி எடுங்கள். மீதியின் மேல் ஜெஸ்ஸோ.

எங்கே நிறுத்துவது என்று தெரியவில்லை, பூசிப் பூசிக் கெடுத்துவிடுகிறேன்

முதலில் கடிகாரம். தொடர்ந்து ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் நின்றிருந்தால் முடிவெடுப்பதை மறுநாளுக்குத் தள்ளுங்கள். களைத்த கண் எல்லாவற்றையும் குறையாகவே பார்க்கும்.

பிறகு ஓவியத்தைத் திருப்புங்கள். தலைகீழாக, இடப்பக்கமாக, வலப்பக்கமாக. அரூப ஓவிய முன்னோடியான ரஷ்ய ஓவியர் காண்டின்ஸ்கி மியூனிக்கில் இருந்தபோது ஒரு மாலை மங்கிய வெளிச்சத்தில், பக்கவாட்டில் சாய்ந்திருந்த தன் ஓவியத்தையே அடையாளம் தெரியாமல் பார்த்து அதன் அழகில் நின்றுபோனதைத் தன் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். திருப்பிய நிலையில் உங்கள் எண்ணம் கழன்றுவிடுகிறது, இருப்பது மட்டும் தெரிகிறது. நான்கு நிலையிலும் எந்தப் பக்கமும் சரிந்து விழவில்லை என்றால் நிறுத்தும் இடம் நெருங்கிவிட்டது.

மூன்று கேள்வி: அடுத்து செய்யப்போவது என்ன என்று ஒரு வாக்கியத்தில் சொல்ல முடிகிறதா? எங்கே என்று விரல் வைக்க முடிகிறதா? எதற்காக என்று தெரிகிறதா? மூன்றுக்கும் பதில் இருந்தால் தொடருங்கள். 'ஏதோ குறைகிறது' மட்டும்தான் இருக்கிறது என்றால் ஓவியத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்து ஒரு வாரம் விடுங்கள். அமெரிக்க ஓவியர் வில்லெம் டி கூனிங் 1950இல் தொடங்கிய 'வுமன் 1' ஓவியத்தை நடுவில் கைவிட்டே விட்டார். கலை வரலாற்றாளர் மேயர் ஷாப்பிரோ வந்து பார்த்துப் பேசிய பிறகுதான் திரும்ப எடுத்து 1952இல் முடித்தார். உருவமுள்ள ஓவியம்தான் என்றாலும் நிறுத்தும் இடம் தெரியாத தவிப்பு ஒன்றுதான். நம் நாட்டில் அரூப ஓவியர் வி. எஸ். காய்தோண்டே ரோலரும் பேலட் கத்தியும் (வண்ணம் கலக்கும் தட்டையான கத்தி) வைத்து அடுக்கடுக்காக வேலை செய்தவர். ஆண்டுக்கு அவர் முடித்த கேன்வாஸ்கள் மிகக் குறைவு. பார்த்துக்கொண்டிருப்பதும் வேலை நேரத்தில் சேர்த்திதான்.

ஒவ்வொரு 20 நிமிடத்துக்கும் ஒரு படம் போனில் எடுத்து வையுங்கள். பத்து ஓவியத்துக்கு அப்படிச் செய்து, எந்தக் கட்டத்தில் கெட்டது என்று பின்னோக்கிப் பாருங்கள். பெரும்பாலும் ஒரே கட்டமாக இருக்கும், ஒரே காரணமாகவும் இருக்கும். ஒருவருக்கு வெள்ளையை எடுத்ததும் கெடும், இன்னொருவருக்குச் சின்ன பிரஷை எடுத்ததும். உங்களுடையது எது என்று தெரிந்தால் போதும், அந்த டியூபையோ பிரஷையோ அடுத்த ஓவியத்தில் வேறு அறையில் வைத்துவிடலாம்.

முகம் தெரிகிறது, மீன் தெரிகிறது

மனிதக் கண் முகத்தைத் தேடியே பழகியது. இரண்டு புள்ளியும் கீழே ஒரு கோடும் இருந்தால் போதும். இரண்டு புள்ளியில் ஒன்றை மட்டும் அழித்து வேறு அளவில் வேறு இடத்தில் வையுங்கள், முகம் கலைந்துவிடும். மீனுக்கும் பறவைக்கும், மூடிய வெளிக்கோட்டை ஓரிடத்தில் உடைத்துப் பின்னணி நிறத்தை உள்ளே ஓட விடுங்கள். இதற்காக முழு ஓவியத்தையும் மறைக்க வேண்டாம்.

சின்னதில் வருகிறது, பெரியதில் செத்துப்போகிறது

கணக்குப் போட்டுப் பார்த்தால் விடை கிடைத்துவிடும். ஏ4 தாளின் அகலம் எட்டேகால் அங்குலம். அதில் அரை அங்குல பிரஷ் சுகமாக இருந்தது என்றால், மூன்றடி அகலக் கேன்வாஸில் அதற்குச் சமம் இரண்டு அங்குலத்துக்குச் சற்று மேல். அரை அங்குலத்தை வைத்துக்கொண்டு அங்கே போராடினால் ஓவியம் பூச்சி ஊர்ந்த மாதிரிதான் இருக்கும். சுவருக்கு வண்ணம் அடிக்கும் இரண்டரை அங்குல பிரஷ், பட்டி வைக்கும் தகடு, பழைய ஏடிஎம் கார்டு, நான்கு அங்குல ரோலர். இவை ஹார்டுவேர் கடையிலும் வீட்டு டிராயரிலுமே கிடைக்கும்.

வண்ணத்தின் அளவும் அப்படித்தான். மூன்றடிக்கு மூன்றடி கேன்வாஸ் பரப்பில் ஏ4 தாளைப் போல ஏறக்குறைய 13 மடங்கு. ஒரு முழுப் பூச்சுக்கே சுமார் 100 மில்லி இழுக்கும். 20 மில்லி டியூபைப் பிதுக்கி வைத்துக்கொண்டு நின்றால் பாதியில் தீரும், அதே நிறம் மறுபடி கலக்க வராது, தயக்கம் அங்கே தொடங்கும். முதலில் கலந்து மூடியுள்ள டப்பாவில் வைத்துக்கொண்டு பிறகு பிரஷைத் தொடுங்கள். உட்கார்ந்து பூசாதீர்கள். நின்றால்தான் மணிக்கட்டு விட்டுக்கொடுத்துத் தோள் வேலை செய்யும்.

வேறு யாரோ வரைந்தது மாதிரி இருக்கிறது

பார்த்தது கையில் வருவது இயல்பு. ஒளித்து வைக்காமல் வெளிப்படையாகவே நகல் எடுங்கள். யாருடைய சாயல் என்று பெயர் எழுதி, அவருடைய ஓர் ஓவியத்தை ஏ3 தாளில் கூடிய மட்டும் அப்படியே போடுங்கள். பிறகு எங்கெங்கே உங்கள் கை அவரைப் போல் நடக்க மறுத்தது என்று மூன்று இடம் குறியுங்கள். அவர் விட்ட வெற்றிடத்தை நீங்கள் நிரப்பியிருப்பீர்கள், அவர் நேராக இழுத்ததை நீங்கள் வளைத்திருப்பீர்கள். அந்த மூன்றை வைத்து அடுத்த 12 தாள். உங்கள் பாணி கிடைக்கும் இடம் அந்த மறுப்புதான்.

மூலப்பொருளை அருகிலிருந்து எடுப்பதும் உதவும். சென்னை ஓவியர் கே. சி. எஸ். பணிக்கர் 1963 வாக்கில் தொடங்கிய 'சொற்களும் சின்னங்களும்' வரிசைக்கு ஜாதகக் கட்டங்களும் எழுத்துருக்களும்தான் விதை. 1966இல் சென்னை ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமம் உருவாக முன்நின்றவரும் அவரே. உங்கள் தெருவில் சுண்ணாம்பு உரிந்த சுவர், பஸ் ஸ்டாண்டில் ஒன்றன்மேல் ஒன்று ஒட்டிக் கிழிந்த போஸ்டர் அடுக்கு, உப்பளத்துப் பாத்திகள் என்று ஏதாவது ஒன்றைத் தேர்ந்து அரை மணி நேரம் நின்று பாருங்கள். படம் எடுக்காதீர்கள். வீட்டுக்கு வந்து ஞாபகத்தில் தங்கிய நிறமும் இடைவெளியும் மட்டும் போடுங்கள்.

பழைய பாணியை விட்டால் இருக்கிற பெயரும் போய்விடுமோ என்று தயங்குகிறவர்களுக்கு கே. எம். ஆதிமூலம் நல்ல துணை. காந்தியைக் கறுப்பு வெள்ளைக் கோட்டில் வரைந்து பெயர் பெற்றவர், பின்னாளில் நிறங்களே பேசும் அரூப ஓவியங்களுக்குப் போனார்.

முறையாகப் படிக்காதவன் என்ற எண்ணம் போகவில்லை

சென்னையில் வாழ்ந்த அச்சுதன் கூடல்லூர் சிவில் இன்ஜினியரிங் படித்து அரசு வேலையில் இருந்தவர். மாலை வேளைகளில் மெட்ராஸ் ஆர்ட் கிளப்பில் பழகி வளர்ந்து, நாட்டின் முக்கியமான அரூப ஓவியர்களில் ஒருவரானார். கல்லூரி தருவதில் உங்களுக்கு நிஜமாகவே குறைவது பெரும்பாலும் நிறக் கலவைப் பயிற்சிதான். ஐந்து டியூபையும் ஒன்றோடொன்று கலந்து, ஒவ்வொரு கலவையையும் வெள்ளையோடு ஐந்து படியாக வெளுத்து, கட்டம் கட்டமாக ஓர் அட்டையில் பூசிச் சுவரில் மாட்டுங்கள். ஒரு வார மாலைகளில் முடிந்துவிடும்.

வீட்டில் "இது என்ன?" என்று கேட்டால் உள்ளே ஏதோ உடைகிறது

ஈரம் காயாத ஓவியத்தைக் காட்டாதீர்கள். நீங்களே முடிவு செய்யாத நேரத்தில் வருகிற ஒரு சொல் அடுத்த பூச்சைத் தீர்மானித்துவிடும். முடித்து மூன்று வாரம் சுவரைப் பார்த்து நின்ற ஓவியத்தை மட்டும் கூடத்துக்குக் கொண்டு வாருங்கள்.

காட்டும்போது "நல்லா இருக்கா?" என்று கேட்டால் மரியாதைக்கு ஒரு பதில் வரும், அது எதற்கும் உதவாது. "முதல்ல கண்ணு எங்க போச்சு? அப்புறம்?" என்று கேளுங்கள். "எந்தப் பக்கம் கனமா இருக்கு?" என்று அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். தினமும் வாசலில் புள்ளி வைத்துக் கோலம் போடுகிறவர் கண்ணுக்கு ஓர் இழை விலகினாலும் தெரியும். இடவெளி, சமநிலை, கோட்டின் ஓட்டம் மூன்றிலும் அது தேர்ந்த கண். சிக்குக் கோலத்தைப் பார்த்து நாம் யாரும் "இது என்ன?" என்று கேட்பதில்லை. கேட்காமலே ரசிக்கப் பழகியிருக்கிறோம். "கோலம் மாதிரிதாம்மா, இதுவும் கோடும் இடைவெளியும்" என்று சொன்னால் பேச்சு வேறு திசையில் போகும்.

"என் பேத்தியே இப்படிப் போடுவாளே" என்று ஒரு மாமா சொல்லத்தான் செய்வார். பதில் தேட வேண்டாம். பேத்தியையும் கூட்டி வரச் சொல்லி ஒரு தாளும் பிரஷும் கொடுங்கள். அவள் எப்படித் தயங்காமல் தொடங்குகிறாள் என்பதை உட்கார்ந்து கவனியுங்கள், அதில் உங்களுக்குப் பாடம் இருக்கிறது.

இன்ஸ்டாகிராமுக்கும் இதே விதி: மூன்று வாரத்துக்கு முன் போடாதீர்கள்.

எல்லாவற்றையும் கிழித்துப் போட வேண்டும் போல் இருக்கிறது

இந்த எண்ணம் ஓவியத்தோடு நிற்காமல், தூக்கம் கெட்டு, சாப்பாட்டிலும் மனிதர்களிலும் நாட்டம் போய் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் தயவுசெய்து ஒரு மருத்துவரைப் பாருங்கள். வண்ணமும் பிரஷும் அதைச் சரிசெய்யாது.

அந்த நாளின் கோபம் மட்டும் என்றால், ஒரு பெரிய அட்டைப் பெட்டியில் ஓவியங்களைப் போட்டு மூடி, மேலே தேதி எழுதி, 30 நாள் கழித்துத் திறங்கள். கேன்வாஸ்களில் தேறாதவற்றை 220 எண் நீர் உப்புத்தாளால் தண்ணீர் தெளித்துத் தேய்த்துத் துடைத்து, மெல்லியதாக இரண்டு பூச்சு ஜெஸ்ஸோ கொடுத்துத் திரும்பப் பயன்படுத்தலாம். அடியில் இருந்தது அக்ரிலிக்காக இருந்தால் மட்டும். எண்ணெய் வண்ணத்தின் மேல் அக்ரிலிக் ஜெஸ்ஸோ நிற்காது, நாளடைவில் உரியும்.

தாள் ஓவியங்கள் என்றால் கிழிக்கவே கிழிக்கலாம். அமெரிக்க ஓவியர் லீ கிராஸ்னர் 1950களின் தொடக்கத்தில் தன் வரைபடங்களையே வெறுத்துக் கிழித்துத் தரையெங்கும் எறிந்துவிட்டுப் போனார். சில வாரம் கழித்துக் கதவைத் திறந்தபோது தரையில் கிடந்த துண்டுகள் அவரைப் பிடித்துக்கொண்டன. அவற்றை ஒட்டி உருவான படைப்புகள் 1955இல் நியூயார்க்கில் காட்சிக்கு வந்தன. நீங்களும் கத்தரிக்கோல் இல்லாமல் கையால் கிழியுங்கள், விளிம்பில் வெள்ளை நார் தெரியட்டும். எட்டு மில்லிமீட்டர் தடிமனுள்ள பலகை அல்லது பழைய கேன்வாஸ் ஒன்றின் மேல் துண்டுகளைப் பசையில்லாமல் பரப்பி, ஒரு நாள் முழுக்க இடம் மாற்றிக்கொண்டே இருங்கள். முடிவானதும் அக்ரிலிக் மேட் மீடியத்தை (பளபளப்பில்லாத, நிறமில்லாத அக்ரிலிக் பசை) பலகையிலும் துண்டின் பின்பக்கத்திலும் தடவி, நடுவிலிருந்து விளிம்புக்குப் பழைய ஏடிஎம் கார்டால் காற்றை வெளியே தள்ளி ஒட்டுங்கள். மேலே பாலித்தீன் தாள் விரித்து, அதற்கு மேல் கனமான புத்தகங்களை அடுக்கி ஒரு ராத்திரி விடுங்கள். காலையில் பாலித்தீனை ஒரு மூலையிலிருந்து மெதுவாக உரியுங்கள். தூக்கி நிற்கும் விளிம்பு இருந்தால் டூத்பிக் நுனியில் மீடியம் தொட்டு அடியில் செலுத்தி, விரலால் ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள்.